முதுகுன்றம் கற்பிக்கும் சொற்பொருள்

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் சிறிய பெயரடை 'ஓல்டு'. அதற்குப் 'பழைய' என்று ஒற்றைச் சொல்லால் பொருள் எழுதி நாம் பழகிவிட்டோம். அப்பழக்கம் மொழிபெயர்ப்பை மட்டுமன்றி, மனிதரையும் தொழிலையும் நாம் மதிக்கும் முறையையும் கெடுக்கிறது என்பது என் கருத்து. இதற்குச் சான்று காட்டக் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் ஒன்றே போதும்.

ஊர்ப்பெயரில் ஒரு பாடம்

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த இவ்வூரின் தமிழ்ப்பெயர் திருமுதுகுன்றம். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது. வடமொழியில் 'விருத்த' என்னும் அடையும், மலையைக் குறிக்கும் 'அசலம்' என்னும் சொல்லும் இணைந்து விருத்தாசலம் ஆயிற்று. இறைவன் பெயரோ பழமலைநாதர். ஒரு குன்றுக்கு முது, பழ, விருத்த என மூன்று அடைகள்!

'முது' என்பதற்கு உறவான சொல் 'முதிர்'. கதிர் முதிரும், அறிவும் முதிரும். 'விருத்த' என்பதன் வேர் வளர்ச்சியைக் குறிக்கும். 'ஓல்டு' என்பதன் வேரும் வளர்தல், ஊட்டுதல் என்னும் பொருளுடையதே என்பர் சொல்லாய்வாளர். மும்மொழிகளிலும் இச்சொற்களின் வேரில் இருப்பது தேய்வு அன்று, வளர்ச்சியே.

அடுத்த சொல்லைப் பாருங்கள்

பெயரடையின் பொருளை அதனை அடுத்து நிற்கும் பெயரே உறுதிசெய்கிறது. 'ஓல்டு மேன்' என்பவர் முதியவர். 'ஓல்டு ஸ்டூடன்ட்' என்பவர் முன்னாள் மாணவர். 'ஓல்டு ஃபிரண்ட்' என்பவர் நெடுநாள் நண்பர். அவரைப் 'பழைய நண்பர்' என்றால் இப்போது நட்பு இல்லையோ என்னும் ஐயம் எழும். 'ஃபைவ் இயர்ஸ் ஓல்டு' என்றால் ஐந்து வயதுக் குழந்தை. அங்கே முதுமைக்கே இடமில்லை. 'ஓல்டு ஹவுஸ்' என்பது கட்டிப் பல்லாண்டு ஆன வீடா, முன்பு குடியிருந்த வீடா என்பதைச் சூழலே சொல்லும்.

தமிழ் இவ்வேறுபாடுகளுக்குத் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது. தொல்லியல், பழமொழி, பண்டைத்தமிழர், மூதூர் ஆகியவற்றின் அடைகளை இடம் மாற்றிப் பாருங்கள், பல இடங்களில் சொல் நில்லாது. 'முதியோர் ஓய்வூதியம்' என்று அரசு வழங்குவதைப் 'பழையோர் ஓய்வூதியம்' என்று எவரும் சொல்லார். மனிதர் முதிர்வர், பொருள்களே பழையனவாகும்.

மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைச் சுந்தரர் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுதல்' என்னும் வழக்கை அதனோடு சேர்த்துச் சொல்வர். அவருக்குப் பொன் கிடைத்தது. ஒரு மொழியின் தொடரில் பொருளைத் தவறவிட்டு, மற்றொரு மொழியின் அகராதியில் தேடுவோர்க்கு அது எப்போதும் கிடைப்பதில்லை.

முதிர்ந்த மண்

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் உள்ளன. பிசைந்த களிமண்ணை ஈரம் உலராமல் சில காலம் வைத்திருப்பது மண்கலத் தொழிலில் உலகெங்கும் உள்ள வழக்கம். நீர் நுண்துகள்களுக்கிடையே சீராகப் பரவ, மண்ணின் குழைவு மிகும். நினைத்த வடிவம் கைக்கு எளிதில் வரும். அதனைப் 'பழைய மண்' என்றால் கழிவுபோலத் தோன்றும். 'முதிர்ந்த மண்' என்பதே பொருந்தும்.

மண்ணுக்கு உரிய இம்மதிப்பை அதனை வனையும் கைகளுக்கு நாம் தருகிறோமா? 'பழைய தொழில்' என்று கேட்கும் இளைஞர் அதனைக் கைவிடத் தக்கதென எண்ணுவார். 'தொன்மையான தொழில்' என்று கேட்பவர் தமக்குரிய செல்வமென எண்ணக்கூடும். சொல்லை மாற்றினால் சூளை எரியுமா என்று சிலர் வினவலாம். எரியாதுதான், விலையும் சந்தையும் இன்றித் தொழில் வாழாது. எனினும், கற்கலாமா கைவிடலாமா என ஒருவர் தயங்கி நிற்கும்போது, சுற்றியுள்ளோர் வழங்கும் சொல்லும் அவரை ஒரு பக்கம் தள்ளுகிறது.

1906ஆம் ஆண்டு கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலம், புதுமைப்பித்தன் என்னும் பெயரில் தமிழ்ச் சிறுகதைக்கு வளம் சேர்த்தார். பெற்ற பெயரில் முதுமை. புனைந்த பெயரில் புதுமை. இவ்விரண்டும் ஒருவரிடமே கூடி வாழ்ந்தன. ஆகவே, அடுத்தமுறை 'ஓல்டு' என்னும் சொல்லைக் காணும்போது உடனே 'பழைய' என்று எழுதிவிடாதீர்கள். அது முதிர்ந்ததா, தொன்மையானதா, நெடுநாளையதா, முன்னாளையதா என ஒருகணம் எண்ணி எழுதுங்கள்.