மூப்படையும் வானொலிக் கலை

ஊதியங் கருதாது, அரசின் உரிமம் பெற்று, தம் இல்லத்திலிருந்தே உலகோடு செய்தி பரிமாறுவோர் அமெச்சூர் வானொலியாளர். ஜப்பானில் 1995 ஆம் ஆண்டில் 13 இலட்சத்துக்கு மேலிருந்த இவர்தம் நிலையங்கள் இன்று 4 இலட்சத்துக்குங் கீழே இறங்கிவிட்டன. எஞ்சியோருட் பெரும்பாலார் மூத்தோர்.

கைத்தொலைபேசி மலிந்தபின் இக்கலை எற்றுக்கு என்பர் சிலர். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையால் அந்தமானில் தொலைபேசித் தொடர்பு அற்றபோது, போட் பிளேயரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் குழுவினரின் வானொலி, அங்குள்ளோரின் நலச்செய்தியை உற்றாருக்கு எட்டச் செய்தது. இடருற்ற நாளிற் கருவியை விலைகொடுத்து வாங்கலாம். அதனை இயக்கும் பழக்கமோ மூத்தார் அருகிருந்து பன்னாட் பயின்றே வருவது.

நம் நாட்டிலும் இவர்க்குச் சங்கமுண்டு. மூத்தோர் கைசோருமுன் மாணாக்கரை அவர்பால் ஆற்றுப்படுத்துதல் ஆசிரியராகிய நம் கடன்.