முறை யாருடையது?

கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கு ஓர் ஊரை எப்படி இரண்டாகப் பிளக்கும் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. விபூதித் தட்டு யார் முன் முதலில் நீட்டப்படுகிறது என்பது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அதில் ஒரு தெருவின் கௌரவமே அடங்கியிருக்கிறது. இத்தகைய வழக்கு நமக்கு மட்டுந்தான் உரியது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்து நகரசபைகளிலும் அதைக் காண்கிறோம்.

அங்கே ஏறக்குறைய 480 நகரங்கள் உள்ளன. சிறு நகரங்களில் பெரும்பாலும் ஐந்து அங்கத்தினர் கொண்ட சபை. பதவிக் காலம் நான்கு ஆண்டு. பல ஊர்களில் மேயரை ஜனங்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. அங்கத்தினர்களே தங்களுள் ஒருவரை ஓராண்டுக்கு அமர்த்துகிறார்கள். சண்டை வராமலிருக்கும் பொருட்டுச் சில சபைகள் மூப்பு முறையைக் கைக்கொண்டன. சபையில் நெடுநாள் இருந்தவருக்கு முதலில் முறை; ஒரே தேர்தலில் வந்தவர்களுள் அதிக வோட்டுப் பெற்றவரே மூத்தவர். ஊரார் அனைவரும் எல்லா ஸ்தானங்களுக்கும் வோட்டளித்த காலத்தில் இந்தக் கணக்கு நியாயமாகவே இருந்தது.

ஆனால் அந்தத் தேர்தல் முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. பெரும்பான்மையோர் ஒன்றுபட்டு நின்றால், சிறுபான்மையோர் விரும்பும் ஒருவர்கூடச் சபைக்குள் நுழைய முடியாது. இதைப் போக்க 2002-ம் ஆண்டில் ராஜ்ய வோட்டுரிமைச் சட்டம் ஒன்று பிறந்தது. 2004-ல் மொடெஸ்டோ நகரத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். சட்டம் செல்லுமென்று 2006-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. முடிவில் அந்நகரம் எதிர்க்கட்சி வக்கீல்களுக்கு 30 லட்சம் டாலர் கொடுத்தது. பிறகு பல நகரங்கள் வட்டாரத் தேர்தலுக்கு மாறின.

மாறியதும் மூப்புக் கணக்கு நிலைகுலைந்தது. இரண்டு வகுப்புகளுக்கு வெவ்வேறு வினாத்தாள் கொடுத்துவிட்டு, மார்க்குகளை ஒப்பிட்டு எவன் கெட்டிக்காரன் என்று தீர்மானிக்க எந்த உபாத்தியாயரும் துணியமாட்டார். வட்டாரங்கள் ஜனத்தொகையில் ஏறக்குறையச் சமமே. வோட்டர் தொகையில் அல்ல. குழந்தைகளும், பிரஜா உரிமை பெறாமல் குடியேறினவர்களும் மிகுந்த வட்டாரத்தில் வோட்டுக் குறைவாகவே விழும். எந்தப் பகுதியாரை உத்தேசித்துச் சட்டம் செய்தார்களோ, அவர்களுடைய பிரதிநிதியே வரிசையின் கடைசியில் நிற்க நேரிடும். போட்டியில்லாத வட்டாரத்தில் தேர்தலே நடத்தாமல் வேட்பாளரை நியமிக்கவும் அங்கே சட்டம் இடந்தருகிறது. அப்படி வந்தவருக்கு எத்தனை வோட்டு என்று எழுதுவது?

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு. முறை மனிதருக்கா, வட்டாரத்துக்கா? தன் பிரதிநிதியிடம் அதிருப்தி கொண்டு, அவருக்கு முறை வருமுன் வேறொருவரை ஒரு வட்டாரத்தார் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதியவர் கடைசிக்குப் போகிறார். வட்டாரமும் அவரோடு பின்தங்குகிறது. ஆளை மாற்றும் உரிமையைச் செலுத்தியதற்கு அபராதமா?

முறையை வட்டாரத்துக்கே உரியதாக்கி, முதல் வரிசையைத் திருவுளச் சீட்டினால் தீர்த்துக்கொள்வதே நேர்மை என்பது நம் அபிப்பிராயம். அநுபவமில்லாதவர் மேயராகிவிடுவாரே என்று ஆட்சேபிப்பார்கள். அந்த ஆட்சேபத்தை நாம் புறக்கணிக்கவில்லை. ஆனால் இத்தகைய நகரங்களில் அன்றாட நிர்வாகத்தைக் கவனிப்பவர் பெரும்பாலும் சம்பளம் பெறும் மானேஜர். மேயருக்கு முக்கிய வேலை சபைக்குத் தலைமை வகிப்பது. முந்தின ஆண்டில் உபமேயராக இருந்து அதைக் கற்றுக்கொள்ளலாம்.

நெடுங்காலம் வாசலில் நின்றவர்களை விருந்துக்கு அழைத்தாகிவிட்டது. பந்தி முடியும் சமயத்தில்தான் அவர்களுக்கு இலை போடுவதென்றால், அழைத்ததனால் என்ன பயன்?