பிரமை தீர்ந்தபின் மீந்திருப்பது

வடசென்னையில் டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தத் தொழிற்பேட்டையில், மனச்சிதைவு கண்ட ஒருவன் தேறிவிட்டானா என்பதற்கு டாக்டரை முந்திக்கொண்டு தெருவே தீர்ப்புச் சொல்லிவிடும். அவன் மறுபடி ஷிப்டுக்குப் போகிறானா என்ற ஒரே அளவுகோல்தான் அதற்கு உண்டு.

காதில் ஒலிக்கும் குரல்களும், பிறர் சதி செய்கிறார்கள் என்ற சந்தேகமும் மருந்தினால் பெரும்பாலோருக்கு அடங்கிவிடுகின்றன. ஆனால் கவனத்திலும் ஞாபகசக்தியிலும் விழுந்த பழுது, அக்குரல்கள் கேட்கத் தொடங்குமுன்பே, பல சமயம் பள்ளிப் பருவத்திலேயே, தலைகாட்டி, அவை ஓய்ந்த பின்னும் வருஷக்கணக்கில் நிலைத்துவிடுவதால், மூன்று காரியங்களை ஒருசேரச் சொன்னால் இரண்டை மறந்து நிற்பவனை மேஸ்திரி சோம்பேறி என்கிறார். வீட்டாரோ திமிர் என்கிறார்கள்.

நாளுக்கு நாள் புத்தி க்ஷீணிப்பதே இந்நோயின் கதி என்று சென்ற நூற்றாண்டுக்கு முன்பே ஜெர்மானிய வைத்தியர் கிரேப்பலின் எழுதிவைத்தார். அந்த அவநம்பிக்கைக்குச் சென்னையே ஓரளவு பதில் சொல்லியிருக்கிறது. 1981-ல் இங்குள்ள அரசு பொது மருத்துவமனையில் திரட்டப்பட்ட 90 புதிய நோயாளிகளை, மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பின் டாக்டர் தாரா முதலியோர் 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அகால மரணங்கள் இருந்தபோதிலும், இடைவிடாது நோயுற்றே கிடந்தவர்கள் சிலரே. பலர் உத்தியோகம் பார்த்தார்கள், விவாகம் செய்துகொண்டார்கள். ஆயினும் நியூயார்க்கை அடுத்த சஃபோக் பிரதேசத்தில் நடந்த நீண்டகால ஆராய்ச்சி, மனச்சிதைவு நோயாளிகளுடைய அறிவுத்திறன் சம வயதினரைவிட அதிகமாகத் தேய்வதைக் காட்டுவதால், நாம் மிதமிஞ்சி மகிழ்வதற்கும் இடமில்லை.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது ஒரு சின்ன மாத்திரை. கைநடுக்கமும் விறைப்பும் தணிய நோய்க்கான மருந்துடன் கொடுக்கப்படும் ட்ரைஹெக்ஸிபெனிடில், ஞாபகத்தை மேலும் மந்தப்படுத்த வல்லது. அதைப் பழைய சீட்டைக் காட்டியே ஆண்டுக்கணக்கில் வாங்கி விழுங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். (தாமாக நிறுத்துவதும் அபாயமே; டாக்டரைக் கேட்டே செய்யவேண்டும்.) கவனத்துக்கும் ஞாபகத்துக்கும் முறையான பயிற்சி உண்டு, அது ஒரு வேலையோடு இணையும்போதுதான் நன்றாகப் பலிக்கிறது. வடசென்னையின் ஏழைகள் நம்பியிருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையில் மாத்திரையோடு அப்பயிற்சியும் தாராளமாகக் கிடைக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மனநோயை ஊனமாக அங்கீகரித்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கையில், தொழிற்சாலைகளும் சும்மா இருக்க நியாயமில்லை. ஒரு வேளைக்கு ஒரு வேலை, அதையும் துண்டுச் சீட்டில் எழுதித் தருவது, இவற்றுக்கு என்ன செலவாகும்? தூக்கம் கெட்டால் நோய் திரும்பக்கூடுமாதலால், எல்லாவற்றுக்கும் முன்னதாக இந்நோய் கண்ட தொழிலாளிகளை நைட் ஷிப்டிலிருந்து விடுவிக்கலாம்.