கைதான பிள்ளையைக் கைவிடுவதா?

சம்பள நாள் இரவிலோ, திருவிழா முடிந்த இரவிலோ இரண்டு இளைஞர்கள் மோதிக்கொள்கிறார்கள். ஒருவனுக்கு மண்டை உடைகிறது. மற்றவனைப் போலீசார் கொண்டுபோகிறார்கள். விடிவதற்குள் லயம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது: "ரவுடிப் பயல், உள்ளே கிடக்கட்டும், புத்தி வரும்!" வீட்டாரும் வெட்கத்தால் வாயை மூடிக்கொள்கிறார்கள். அடித்தது தவறு. அடிபட்டவனும் ஒரு தொழிலாளியின் மகன்தான் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், இருபது வயதில் முதன்முறையாகக் கைதானவனுக்கு இந்த மௌனம் எவ்வளவு கேடு செய்கிறது என்பதைத் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைதானவனிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்பது நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 5-ஆவது விதி. விசாரணை தொடங்குமுன் உறவினருக்குத் தகவல் சொல்லவும் அவனுக்கு உரிமை உண்டு. மாஜிஸ்திரேட் அனுமதித்தால், இத்தகைய வழக்கில் முதலில் 4 நாள் வரையிலும், மறுபடி 3 நாள் வரையிலும் தடுப்புக் காவலில் வைக்கலாம்.

இந்த ஏழு நாளில்தான் பலருக்கு வேலை போகிறது! செக்ரோல் எழுதும் கிராணிமார்களாகிய நாம் இதை நன்கு அறிவோம். பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் இல்லையென்றால் 'வரவில்லை' என்று குறி போடுவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டமோ, லீவு இன்றித் தொடர்ந்து இரண்டு வேலைநாளுக்கு மேல் வராதவன், தக்க காரணம் இருந்து அதை முதலாளிக்குத் தெரிவித்திருந்தால், அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால் ஒழிய, வேலை ஒப்பந்தத்தை முறித்தவனாகிறான் என்கிறது. லாக்கப்பில் இருந்தது தக்க காரணமா என்று வாதாடலாம். சொல்லியே அனுப்பாதவனுக்காக எதை வைத்து வாதாடுவது? ஆகவே தகப்பனோ தமையனோ அன்று காலையிலேயே தோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். நகல் ஒன்றைக் கிளைச் செயலாளரிடம் சேர்க்க வேண்டும். வாய்ச் சொல் போதாது. நிருவாகம் ஒழுங்கீனம் என்று கூறினாலும், முறையான விசாரணையின்றி நீக்க முடியாது. நியாயமின்றி நீக்கினால் 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிடலாம். கள்ளுக்கடையில் உட்கார்ந்து யோசித்தே அந்த அறுபது நாளைக் கழித்தவர்களும் உண்டு!

இனி வழக்கு. வெறுங்கையால் அடித்துக் காயப்படுத்தினால் தண்டச் சட்டம் 323-ஆம் பிரிவு: ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். கத்தியால் காயப்படுத்தினால் 324: பத்தாண்டு வரை சிறை. இடுப்பில் பால்வெட்டுக் கத்தியோடு சண்டைக்குப் போகிறவன் இதைத் தெரிந்துகொள்ளட்டும். நண்பனுக்காக நால்வர் ஓடிப்போய்க் கைகலப்பில் இறங்கினால் ஐவராகிவிடுகிறார்கள்; ஐவர் என்றால் கலகக் குற்றமே சாட்டப்படலாம்.

"குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம்" என்று நீதிமன்ற வாசலில் எவனாவது சொல்வான். வழக்கறிஞரைப் பார்க்காமல் அதற்குத் தலையாட்ட வேண்டாம். கையெழுத்துக்கு ஒரு நொடி. குற்றப் பதிவோ வேலை தேடும் இடமெல்லாம் பின்னால் வரும். யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் என்னும் தேசிய சட்ட உதவி நிறுவனம், கைதான குடிமக்களுக்கு 2012 முதல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்திக் கொடுக்கிறது. முதல் குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடவும் சட்டத்தில் இடமுண்டு. அதைக் கேட்கும் வழக்கறிஞர் கையில் ஆதாரம் வேண்டாமா? மூன்று நாள் வராததைக் காட்டும் அதே செக்ரோல், மூன்று ஆண்டு தவறாமல் பால் வெட்டியதையும் காட்டும். அதைச் சொல்லும் கடிதத்தைக் கேட்டுப் பெறுவது கிளையின் வேலை.

ஒவ்வொரு கிளையும் அடுத்த கூட்டத்திலேயே இதற்கென இருவரை நியமிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். அவர்கள் அடிபட்டவன் வீட்டுக்கும் போகட்டும். அவனுடைய மருத்துவச் சீட்டும் அலுவலகம் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.