முதியோரைக் காப்பது வழக்கா, வைத்தியமா?

முதியோரைப் பேணுதல் பற்றி நம் அறநூல்கள் கூறாதன இல்லை. அவற்றைப் பாடசாலைகளிலே மனனஞ் செய்விக்கின்றோம். பரிசளிப்பு விழாக்களிலே எடுத்துப் பேசுகின்றோம். ஆயினும், ஈன்றாரைப் பிள்ளைகள் பராமரித்தல் வேண்டும் என நம் நாட்டிலே சட்டமியற்றவும் நேர்ந்தது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமே அது. அச்சட்டம் வந்து கால் நூற்றாண்டு கழிந்த இந்நாளில், அதனால் ஆவது யாது, ஆகாதது யாது என ஆராய்தல் கற்றோர் கடனாகும்.

60 வயது கடந்தோரை அச்சட்டம் முதியோர் என்கின்றது. அவர்க்கென ஒரு தேசிய சபையையும், பராமரிப்புச் செலவு கோரும் விண்ணப்பங்களை விசாரித்து முடிவு செய்தற்கு வேறொரு சபையையும் அது நிறுவிற்று. தம்மைத் தாமே பேணவியலாத தாய் தந்தையர், பிள்ளைகளிடமிருந்து பொருளுதவி பெற இச்சபை வழிசெய்யும். பின்னர் 2017 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மீளப்பெறவொண்ணாதென எழுதிய நன்கொடை உறுதியையும், அதனை ஏற்றுக்கொண்டவர் பாரிய நன்றிக்கேடு செய்தாராயின், மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் நீக்குவிக்கலாம் என்பது அதன் சாரம்.

இவை நல்ல சட்டங்களே. ஆயின், இரண்டிற்கும் பொதுவானதோர் எல்லையுண்டு. பெற்ற பிள்ளைமீது முறைப்பாடு எழுந்த பின்னரே இவை இயங்கும். மகன்மீது முறையிட எந்தத் தாய்க்கு மனம் வரும்? வந்தாலும், இன்று முறையிட்டவள் நாளையும் அவ்வீட்டுச் சோற்றையன்றோ உண்ணல் வேண்டும்? உலகில் 60 வயது கடந்தோருள் ஏறத்தாழ ஆறுபேருக்கு ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனுமொரு கொடுமைக்கு ஆளாகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. 24 நிகழ்ச்சிகளுள் ஒன்றே வெளிவருகின்றது எனவும் அந்நிறுவனம் கூறியுள்ளது. கொடுமையென்பது அடித்தல் மாத்திரமன்று. வசைமொழியும், உண்டாயோ எனக் கேளாமையும், ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிக் காணியைக் கவர்தலும், வேண்டிய மருந்தை வாங்கிக் கொடாமையும் கொடுமையே.

ஆதலின், முறைப்பாடு எழுமுன்னரே கொடுமையைத் தடுத்தல் வேண்டும். அதற்கு அது முளைக்கும் இடத்தை அறிதல் அவசியம். பல இல்லங்களிலே அது மருந்துச் செலவில் முளைக்கின்றது என்பது என் கருத்து. அரசாங்க வைத்தியசாலையிலே மருத்துவம் இலவசமே. ஆனால், 2022 இன் பொருளாதார நெருக்கடியிலே, கிளினிக்குக்குச் சென்ற நோயாளர் பலர் மருந்தின்றித் துண்டொன்றுடன் திரும்பியதை நாடறியும். நீரிழிவுக்கும் குருதியழுத்தத்துக்கும் மருந்தை ஒரு மாதம் நிறுத்திவைத்தல் இயலுமா? ஓய்வூதியமில்லாத கமக்காரரும் கடற்றொழிலாளரும் பிள்ளையிடந்தான் கையேந்த வேண்டும். பிள்ளைக்கோ தன் மக்களின் படிப்புச் செலவு. முதலில் முணுமுணுப்பு, பின்னர்ச் சுடுசொல், ஈற்றிற் புறக்கணிப்பு. படுக்கையிற் கிடப்பவரை ஆண்டுக்கணக்கில் ஒரே மகள் தனித்துப் பார்க்கும் வீட்டிலும் இதுவே நிகழ்கின்றது. காரணத்தைக் கூறுவது கொடுமையை நியாயப்படுத்துவதாகாது. காரணம் அறியாது மருந்து கூறல் இயலாது.

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலேயே நம் மக்களுள் 60 வயதினர்க்கும் மேற்பட்டோர்க்குமான பங்கு நூற்றுக்கு 12 ஐக் கடந்துவிட்டது. அது வளர்ந்தே வருகின்றது. வறிய முதியோர்க்கான மாதக் கொடுப்பனவை 3000 ரூபாவிலிருந்து 5000 ரூபாவாக உயர்த்த 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. வரவேற்கத்தக்கதே; ஆனால் பணம் மாத்திரம் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்காது. போரிலே பிள்ளைகளை இழந்தோரும், பிள்ளைகள் கடல்கடந்து வாழத் தனித்திருப்போரும் நிறைந்த வடபுலத்திலே இது கண்கூடு. வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டிலும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையில்லை.

எனவே, சுகாதாரத்துக்கு ஒதுக்கும் நிதியிலே முதியோர்க்கென ஒரு பங்கு தனியே வரையறுக்கப்படல் வேண்டும். கிளினிக் மருந்து தடையின்றிக் கிடைத்தல், பயிற்சிபெற்ற தாதியர் வீடுதேடி வருதல், பராமரிப்போர் இளைப்பாறுதற்குப் பகற்பொழுதிலே முதியோரை ஏற்கும் நிலையங்கள் அமைதல் ஆகிய மூன்றும் அப்பங்கினால் நடைபெறல் வேண்டும். வீட்டுக்கு வரும் தாதியின் கண்ணுக்கு, முறையிடாத தாயின் மேனித் தழும்பும் தப்பாது. வைத்தியத்துக்குச் செலவிடும் பணமே காவலுமாவது இவ்வாறுதான். அன்றியும், நன்கொடை உறுதி முடிக்கும் நொத்தாரிசுமார், பிள்ளைகளை வெளியே இருத்தி, முதியவரிடம் தனியே பேசி, சீவிய உருத்தை வைத்துக்கொள்ளலாம் என விளக்குதலை ஒரு நியதியாகக் கொள்ளல் நன்று.

அரசு தாங்கினாற் பிள்ளைகள் கடமை மறப்பரே என்பார் உளர். பாரம் மிகுந்த மாடு படுத்துவிடும். பாரம் பகிர்ந்தால் நடக்கும். அன்பு வற்றாதிருத்தற்கு ஓய்வும் உதவியும் வேண்டும். ஆசிரியர்களே, மாணாக்கர்களே, அறநூலை மனனஞ் செய்தல் ஒருபுறமிருக்க, நும் அயலிலே தனித்திருக்கும் முதியவர் இம்மாத மருந்தைப் பெற்றாரா என ஒருமுறை கேண்மின். பெறவில்லையாயின், ஏன் பெறவில்லை என உரியவர்களிடமும் கேண்மின்.