பயிற்சிக்கு வா என்கிறார்! படிக்காசு தருவார் யார்?

பட்டம் மட்டும் போதாதாம்! பாடப் புத்தகத்தைப் படித்துத் தேறினால் மட்டும் பயனில்லையாம்! தொழிற்கூடத்திலே நின்று பழகியிருக்க வேண்டும், அலுவலகத்திலே அமர்ந்து கணக்கைப் புரட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் வேலைக்கு ஏற்றவன் என்று ஒப்புக்கொள்வார்களாம். 'இன்டர்ன்ஷிப்' என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். பணிப்பயிற்சி என்று நாம் கூறுவோம்.

நல்லதுதான். மறுப்பார் யார்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் வீட்டுப் பாட்டிமார் என்றைக்கோ கூறிவிட்டார்கள். ஆனால், காசுள்ளவன் வீட்டு அடுப்பிலே மட்டும் கறி வேகட்டும், மற்றவன் ஏட்டிலே சுரைக்காயைப் பார்த்துப் பசியாறட்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தால், அதற்குக் கல்விச் சீர்திருத்தம் என்றா பெயர்? கேட்கிறோம்.

சட்டம் படிப்பவர் மூன்றாண்டுப் படிப்பானால் 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்பானால் 20 வாரம் வெளியே சென்று பயில வேண்டும் என்பது வழக்கறிஞர் மன்றம் 2008-ல் வகுத்த விதி. கலை, அறிவியல் கல்லூரி மாணவர்க்கும் பணிப்பயிற்சிக்கென மதிப்பெண் அலகுகளை ஒதுக்கி, 2022 டிசம்பரிலே பல்கலைக் கழக மானியக் குழு ஒரு பாடத்திட்ட வரையறை வெளியிட்டது. ஆக, விரும்பினால் போகலாம் என்றிருந்தது, போனால்தான் பட்டம் என்ற நிலையை நோக்கி நகர்கிறது.

போவது எங்கே? அதுதான் கேள்வி!

சேலம் மாவட்டத்தின் கிழக்கே, ஆத்தூருக்கு அப்பால், சுவேத நதிக் கரையிலே இருக்கிறது கெங்கவல்லி. ஒரு பக்கம் பச்சைமலை, மறுபக்கம் குச்சிக்கிழங்கு வயல். கிழங்கு பிடுங்கியும், களை வெட்டியும், சேகோ ஆலையிலே மாவு காயவைத்தும் பிழைக்கும் தாய், தன் மகளை ஆத்தூர்க் கல்லூரிக்கு அனுப்புகிறாள். அந்தக் குடும்பத்திலே அதற்கு முன்பு கல்லூரி வாயிலை மிதித்தவர் எவரும் இல்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொல்கிறார்கள்: "கோவைக்குப் போ! சென்னைக்குப் போ! பெங்களூருக்குப் போ! இரண்டு மாதம் இருந்து, பயிற்சி பெற்று, சான்றிதழோடு வா!"

போகலாம், தங்குவது எங்கே? விடுதிக்கு முன்பணம் யார் கட்டுவது? மூன்று வேளைச் சோற்றுக்கு யார் பொறுப்பு? மாணவர்க்குத் தரப்படும் இலவசப் பேருந்து அட்டை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையிலே மட்டும்தான் செல்லும். பட்டணத்து அலுவலகம் வரை செல்லாதே! அதுமட்டுமா? செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு விடுமுறை என்றால் உல்லாசம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு விடுமுறை என்றால் கூலி. துணிக்கடையிலே நின்றோ, வயலிலே குனிந்தோ அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்குக் காசு சேர்க்கும் நாட்கள் அவை. அந்தக் கூலியையும் இழந்து, கையிலிருப்பதையும் செலவிட்டு, சம்பளமின்றி வேலை செய்யச் சொன்னால், அது பயிற்சியல்ல. பட்டத்துக்கு விதிக்கப்படும் இன்னொரு கட்டணம்!

"தகுதி உள்ளவர் எப்படியும் போய்விடுவர்" என்பார் சிலர். தகுதி! இந்தச் சொல்லைத் தமிழ்நாடு நீண்ட நாட்களாக அறியும். மாமாவின் ஒரு தொலைபேசிப் பேச்சிலே பெரிய நிறுவனத்தின் கதவு திறக்கிறது ஒருவனுக்கு. ஆங்கிலத்திலே விண்ணப்பம் எழுத, அதைத் திருத்தித் தர ஓர் ஆள் கிடைக்காமல் தவிக்கிறாள் இன்னொருத்தி. மூன்றாண்டு கழித்து இருவரும் ஒரே நேர்காணலிலே அமர்கின்றனர். "முன் அனுபவம் உண்டா?" என்ற கேள்வி எழுகிறது. அவன் நீட்டுகிறான் சான்றிதழை. அவள் நீட்டுவது வெறுங்கையை. பார்த்தீர்களா தகுதியை என்கிறார்கள்! அவன் காட்டியது தகுதியையா, தகப்பனார் தந்த தங்கும் செலவையா?

மருத்துவம் படித்தவர் ஓராண்டு மருத்துவமனையிலே பயில்கிறார், உதவித்தொகை தருகிறார்கள். தொழிற்சாலையிலே பழகுநராகச் சேர்பவருக்கு 1961-ம் ஆண்டுப் பழகுநர் சட்டம் இருக்கிறது. எழுத்திலே ஒப்பந்தம் உண்டு, மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. 2019-ல் திருத்திய விதிகளின்படி அந்தத் தொகை, படிப்புக்கு ஏற்ப, 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை என்று குறைந்த அளவும் வரையறுக்கப்பட்டது. கல்லூரியிலிருந்து பணிப்பயிற்சிக்குச் செல்பவருக்கோ அத்தகைய சட்டக் காப்பு இல்லை. மாணவர் என்று நிறுவனம் கைகழுவும். நிறுவனத்தில் இருக்கிறாரே என்று கல்லூரி கைவிரிக்கும். பறவைக் கூட்டமும் சேர்க்காத, விலங்குக் கூட்டமும் ஏற்காத வௌவால் நிலை!

டில்லி அரசு 2024-ம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே பெருமுழக்கம் செய்தது. ஐந்தாண்டிலே ஒரு கோடி இளைஞர்க்கு, நாட்டின் 500 பெரிய நிறுவனங்களிலே பணிப்பயிற்சி! முழுநேரப் படிப்பிலே இல்லாத இளைஞர்க்கான திட்டம் அது. மாதம் 5,000 ரூபாய், தொடக்கத்திலே ஒருமுறை 6,000 ரூபாய் என்றார்கள். விளைந்தது என்ன? முதல் சுற்றிலே 82 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாய்ப்புகள் அளிக்கப்பட்டன. ஏற்றுக்கொண்டவர் 28 ஆயிரம் பேர் அளவு. சேர்ந்தவரோ ஏறத்தாழ 8,700 பேர்! இடம் தொலைவு, காலம் நீளம் என்பவை இளைஞர்கள் விலகியதற்குக் கூறப்பட்ட காரணங்களிலே சில. சோம்பேறிகளா நம் இளைஞர்கள்? அல்ல! ஊர்விட்டு ஊர் சென்று, வாடகையும் கொடுத்து வயிற்றையும் கழுவிட 5,000 ரூபாய் போதாது என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள். பணம் தருவதாகச் சொன்ன திட்டத்துக்கே இந்த நிலை என்றால், ஒரு காசும் தராத பயிற்சிக்குக் கெங்கவல்லிப் பெண் எப்படிப் போவாள்?

உலகம் இதை உணரத் தொடங்கிவிட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் நீளும் பயிற்சிக்குத் தொகை தந்தாக வேண்டும் என்று சட்டமே செய்திருக்கிறது பிரான்சு. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே, வெள்ளை மாளிகை தன் பயிற்சியாளர்க்கு ஊதியம் தரத் தொடங்கியது 2022-லேதான். அதுவரை அங்கே பயில முடிந்தவர் எத்தகைய வீட்டுப் பிள்ளைகள் என்பதை நாம் விளக்கவும் வேண்டுமோ!

நமக்கோ பிரான்சைப் பார்த்துப் பாடம் கற்க வேண்டிய தேவையில்லை. 1920-ம் ஆண்டிலேயே, தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பகலுணவு தந்தது. பள்ளிக் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, பசித்த வயிறு அந்தப் படியேறாது என்று கண்டுகொண்ட மண் இது. 1956-ல் மதிய உணவு, 1982-ல் சத்துணவு, 2022-ல் காலை உணவு என்று அந்தக் கொள்கை வளர்ந்தது. கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. கல்லூரி வாயில் வரை கைபிடித்து அழைத்து வந்துவிட்டு, வேலை வாயிலிலே கையை விட்டுவிடலாமா?

ஆகவே நாம் வலியுறுத்துகிறோம். ஒன்று: பட்டத்துக்கு வேண்டும் என்று கட்டாயமாக்கும் எந்தப் பயிற்சிக்கும் உதவித்தொகை கட்டாயமாகட்டும், தர இயலாத சிறு நிறுவனத்துக்கு அரசு பங்கு தரட்டும். இரண்டு: கோடை விடுமுறையிலே சேலத்திலும் கோவையிலும் சென்னையிலும் அரசின் மாணவர் விடுதிகளிலே காலியாகும் கட்டில்களை வெளியூரிலிருந்து பயிற்சிக்கு வரும் ஏழை மாணவர்க்கு, உணவோடு, ஒதுக்கித் தரட்டும். புதுக்கட்டடம் கேட்கவில்லை நாம். பூட்டிய அறையின் சாவியைக் கேட்கிறோம்! மூன்று: பேருந்து அட்டை பயிற்சி நடக்கும் இடம் வரை செல்லட்டும். நான்கு: அறிவிப்பும் விண்ணப்பமும் தமிழிலும் வரட்டும், கல்லூரிதோறும் ஓர் ஆசிரியர் இதற்கென்றே பொறுப்பேற்று, நிறுவனத்தோடு பேசி இடம் பெற்றுத் தரட்டும். 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பாதை கெங்கவல்லிவரை உண்மையாக எட்ட வேண்டுமானால், இந்த நான்கும் வேண்டும்.

"வெளியூர் எதற்கு? உள்ளூரிலேயே பயிலட்டுமே" என்று ஒரு குரல் எழலாம். உள்ளூரிலும் வாய்ப்பு உண்டு. அதையும் பயன்படுத்திட வேண்டும். வேதியியல் படிப்பவர் சேகோ ஆலையிலே மாவின் தரத்தையும் கழிவு நீரையும் சோதிக்கலாம். வணிகவியல் படிப்பவர் கூட்டுறவுச் சங்கத்திலே கணக்கு பழகலாம். தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்கு வெளிநாட்டுச் சந்தை தேட, பொருளியல் படித்தவர் துணை நிற்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை! 1953-ல் ஆச்சாரியார் அரை நேரம் பள்ளி, அரை நேரம் அப்பன் தொழில் என்றார். தமிழகம் கொதித்தெழுந்தது, 1954-ல் அந்தத் திட்டம் ஒழிந்தது. உள்ளூர்ப் பயிற்சி என்ற பெயரிலே, கிழங்கு பிடுங்குபவள் மகளைக் கிழங்கு மூட்டைக்கே திருப்பி அனுப்பும் தந்திரம் நுழைந்துவிடக் கூடாது. உள்ளூரா வெளியூரா என்று முடிவு செய்வது அவள் விருப்பமாக இருக்கட்டும். அவள் வறுமையாக இருக்க வேண்டாம்!

விண்ணப்பம் அனுப்பும் மாணவத் தோழர்களுக்கும் ஒரு சொல். கல்லூரியின் அனுமதிக் கடிதமின்றிக் கிளம்பாதீர்கள். எத்தனை நாள், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், யாரிடம் பயிற்சி, என்ன தொகை என்பதை எழுத்திலே கேளுங்கள். பயிற்சி தருகிறோம், பணம் கட்டு என்பவனிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். சான்றிதழ் விற்பவன் ஆசானல்ல, வணிகன். தொகை உண்டா என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்! உழைப்புக்கு விலை கேட்பது பிச்சையல்ல.

ஆட்சிப் பொறுப்பிலுள்ளோர் அடுத்த கோடை வருமுன் செயல்படட்டும். கல்வி எல்லோர்க்கும் என்று சட்டம் செய்து, அனுபவம் மட்டும் சிலருக்கு என்று நடத்தினால், திறந்த கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவைப் பூட்டி வைத்ததாகத்தான் பொருள். அந்தப் பூட்டும் உடைபட வேண்டும்!