பரிசு டாக்டருக்கு, பில் நமக்கு!

குழந்தைக்கு ஜுரம் என்று போனால், மருந்தோடு ஒரு டானிக்கும் எழுதித் தருகிறார் டாக்டர். "இது அவசியம்தானா? கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?" என்ற சந்தேகம் நம்மில் பலருக்கு உண்டு.

காஞ்சிபுரத்துப் பெண்களுக்கு ஒரு சங்கதி தெரியும். கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களைப் பட்டுக் கடைக்கு அழைத்துப் போகும் தரகருக்குக் கமிஷன் உண்டு. அது சேலை விலையில்தான் ஏறும். தறியில் உட்கார்ந்தவருக்கும் லாபமில்லை, சேலை கட்டுகிறவளுக்கும் லாபமில்லை.

மருந்திலும் இப்படி நடந்தது. சென்னை அபெக்ஸ் லேபரட்டரீஸ், 'ஜிங்கோவிட்' என்ற சத்து மருந்தைப் பிரபலப்படுத்த டாக்டர்களுக்குத் தந்த இனாம்களுக்காக, 4 கோடியே 72 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானவரியில் செலவுக் கணக்குக் காட்டியது. டாக்டர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று 2009 டிசம்பரிலேயே விதி வந்தாயிற்று. 'அந்த விதி டாக்டருக்குத்தானே, எங்களுக்கு இல்லையே' என்பது கம்பெனியின் வாதம். 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. தங்கக் காசு, ஃபிரிட்ஜ், வெளிநாட்டுப் பயணம் என்று இனாம்களின் வகைகளை அடுக்கிய தீர்ப்பு, அந்தச் செலவு கடைசியில் மருந்தின் விலையில்தான் சேர்கிறது என்றும் சொன்னது.

பரிசோடு முடிந்ததா? மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சிக்கும் பல சமயம் கம்பெனியே பணம் தருகிறது. அது தவறென்று தள்ளிவிட முடியாது. புது மருந்துக்கு ஆகும் செலவு அப்படி. ஆனால் சரிகை விற்கிறவரே உரசிப் பார்த்து "அசல்" என்றால், நாம் இன்னொரு தடவை பார்க்க மாட்டோமா? அதனால்தான் கம்பெனிப் பணத்தில் ஆராய்ச்சி செய்யும் டாக்டர், யார் எவ்வளவு தந்தார்கள் என்பதை ஆரம்பத்திலேயே வெளியிட வேண்டும் என்கிறது அதே விதி. மனிதர்களிடம் நடத்தும் மருந்துச் சோதனைகளை 2009 ஜூன் முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பதிவேட்டில் பதிய வேண்டும். பணம் தருவது யார் என்ற விவரமும் அதில் உண்டு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இதைப் படித்துவிட்டு எழுதித் தந்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு 14 நாள் ஜிங்க் தருவது நல்ல வைத்தியம்தான். தயங்காமல் மூன்றே கேள்வி கேளுங்கள்:

இந்த மருந்து எதற்கு?

எத்தனை நாள் தர வேண்டும்?

இதே மருந்து குறைந்த விலையில் வேறு பெயரில் கிடைக்குமா?

நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். பட்டு வாங்கும்போது முந்தானையைத் திருப்பிப் பார்க்கிற நமக்கு, மருந்துச் சீட்டைப் பார்த்துக் கேட்க என்ன கூச்சம்?